பாதியில் விட்ட எழுத்து

என் தந்தையார் திருச்சிராப்பள்ளியில் ஒரு சிறிய பைண்டிங் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பதிவேடுகள், வக்கீல்கள் கொண்டுவரும் சட்டப் புத்தகங்கள், அட்டை பிய்ந்த கம்பராமாயணம் என எது வந்தாலும் தாள்களைப் பிரித்து அடுக்கித் தைத்து, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து பூசி, காலிகோ துணியிட்டு மூடிக் கொடுப்பார். மாலையில் கடையின் உள்ளறையில் அம்மா விளக்கேற்றும் நேரம் வந்துவிட்டால், தைத்துக்கொண்டிருந்த புத்தகத்தில் இன்னும் இரண்டு மடிப்புகளே மீதமிருந்தாலும் ஊசியை மெழுகு உருண்டையில் செருகிவிட்டு எழுந்துவிடுவார். சிறுவனாக இருந்த எனக்கு அது பொறுக்காது. முடித்துவிட்டு எழுந்தால் என்ன என்று ஒருநாள் கேட்டபோது, "ஊசி எங்கயும் போயிடாதுப்பா, நாளைக்கும் இங்கதான் இருக்கும்" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கம் சொன்னதில்லை.

அவர் கிறிஸ்தவர் அல்லர். பெனடிக்ட் என்னும் துறவியின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. ஆனால் பல ஆண்டுகளுக்குப் பிறகு, வேலைக்காக இங்கிலாந்தின் தென்மேற்கில் குடியேறி, ஓய்வு நாட்களில் அப்பாவின் தொழிலை நானாகவே மறுபடியும் கற்றுக்கொள்ளத் தொடங்கிய காலத்தில், ஆறாம் நூற்றாண்டு இத்தாலியில் எழுதப்பட்ட ஒரு துறவற விதிநூலின் 43-ஆம் அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மெழுகு உருண்டைதான். வேண்டுதல் வேளைக்கான ஒலி காதில் விழுந்ததும், கையில் எது இருந்தாலும் அதை அப்படியே விட்டுவிட்டு விரைந்து வர வேண்டும் என்கிறது அந்த அத்தியாயம். இறைவனுக்குரிய பணியைவிட எதையும் மேலாக வைக்கக் கூடாது என்பது அதற்கு அது சொல்லும் காரணம்.

புனித பெனடிக்டை நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைப்பதுண்டு. அவருடைய லத்தீன் பெயரின் நேர்ப்பொருள் அதுவேதான். சுமார் 480-ஆம் ஆண்டில் நூர்சியாவில் பிறந்து, சுபியாக்கோவில் குகையில் தனித்திருந்து, பின்னர் மாந்தே கசீனோ மலைமீது மடம் அமைத்து, 547-ஆம் ஆண்டளவில் இறந்தவர் அவர். அவர் எழுதிய விதிநூல் 73 சிறு அத்தியாயங்களே கொண்டது. அதில் இறைவேண்டலுக்கு எவ்வளவு இடம் தரப்பட்டிருக்கிறதோ, ஏறக்குறைய அதே கவனத்துடன் கத்தி, ஊசி, எழுத்தாணி, இரும்புக் கருவிகள், பாத்திரங்கள் ஆகியவையும் பேசப்படுகின்றன என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மடத்தின் பண்டசாலைப் பொறுப்பாளர் அங்குள்ள எல்லாப் பாத்திரங்களையும் பலிபீடத்துத் திருப்பாத்திரங்களைப் போலவே பேண வேண்டும் என்கிறது 31-ஆம் அத்தியாயம். யாரிடம் எந்தக் கருவி கொடுக்கப்பட்டது, எது திரும்பி வந்தது என்பதற்கு மடத்தலைவர் ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்கிறது அடுத்த அத்தியாயம். எந்தத் துறவியும் தனக்கென்று ஒரு புத்தகத்தையோ எழுத்தாணியையோ சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அதே வேளையில், ஒவ்வொருவருக்கும் தேவையான கத்தி, எழுத்தாணி, ஊசி, எழுதும் பலகை எல்லாவற்றையும் மடத்தலைவரே கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் தேவை என்று சாக்குச் சொல்ல இடமிருக்காது என்கிறது 55-ஆம் அத்தியாயம். தண்ணீர், மாவாலை, தோட்டம், பலவகைக் கைத்தொழில்கள் எல்லாம் மதிலுக்குள்ளேயே அமைய வேண்டும் என்பது 66-ஆம் அத்தியாயம். உடல் நலிந்தவர்களுக்கும் மென்மையானவர்களுக்கும்கூட அவர்கள் சோம்பியிராதபடியும், பாரத்தால் நசுங்கிவிடாதபடியும் ஏதேனும் ஒரு கைவேலையைக் கொடுக்கச் சொல்கிறது 48-ஆம் அத்தியாயம். அந்தப் பரிவு எனக்கு மிகவும் பிடித்தது.

பெனடிக்டின் வாழ்க்கையை எழுதிய திருத்தந்தை பெரிய கிரகோரியார் கூறும் அற்புதங்களில் முதலாவது, இரவல் வாங்கி வந்த ஒரு சல்லடை உடைந்து இரண்டாகப் போனதும், அழுதுகொண்டிருந்த செவிலித்தாய்க்காக இளம் பெனடிக்ட் வேண்டிக்கொள்ள அது பழையபடி ஒன்றாக இணைந்ததும்தான். இன்னொரு கதையில், புதரை வெட்டிக்கொண்டிருந்த கோத் என்னும் ஜெர்மானிய இனத்தவர் ஒருவரின் அரிவாள் பிடியிலிருந்து கழன்று ஏரிக்குள் விழுந்துவிடுகிறது. பெனடிக்ட் வந்து பிடியைத் தண்ணீரில் நீட்ட, இரும்பு மேலெழுந்து வந்து பொருந்திக்கொள்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் சொன்னது, "இதோ, வேலை செய், வருந்தாதே" என்பது மட்டும். குருடர் பார்வை பெறுவதிலும் முடவர் நடப்பதிலும் தொடங்கும் புனிதர் வரலாறுகளுக்கிடையே, உடைந்த சல்லடையிலும் கழன்ற அரிவாளிலும் ஒரு புனிதரின் பெருமையைக் காட்டும் இந்தக் கதைகளை, கருவியோடு பழகிய எவராலும் எளிதில் மறக்க முடியாது.

மணி அடித்ததும் வேலையை விட்டுவிடும் வழக்கம் பெனடிக்டோடு தொடங்கியதன்று. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பு வாழ்ந்த யோவான் காசியன், எகிப்தியப் பாலைவனத்துத் துறவிகளைப் பற்றி எழுதும்போது, படியெடுத்துக்கொண்டிருப்பவர் கதவு தட்டும் ஓசையைக் கேட்டால், எழுதத் தொடங்கிய எழுத்தைக்கூட முடிக்கத் துணியாமல் எழுந்துவிடுவார் என்று குறிப்பிடுகிறார். ஒரு வரியையோ ஒரு சொல்லையோ முடிக்காமல் எழுவது பெரிதன்று. ஒற்றை எழுத்தின் பாதியில் கையை எடுப்பது என்பது வேறு. கொக்கி வளைக்கப்பட்டு, கால் இறக்கப்படாமல் நிற்கும் ஓர் எழுத்தை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். அது பயிற்சியால் மட்டுமே வரக்கூடியது. காசியனின் நூல்களைத் தம் துறவிகள் படிக்க வேண்டும் என்று பெனடிக்டே பரிந்துரைத்திருக்கிறார்; ஆகவே அந்தப் பாதி எழுத்து அவருடைய மனத்திலும் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

இந்த விதி கைத்தொழிலின் தன்மையையே மாற்றியமைத்திருக்க வேண்டும் என்பது நானாகத் தையல் சட்டத்தின் முன் உட்கார்ந்த பிறகு எனக்குப் புலப்பட்டது. பசை பூசிய தாளைப் பாதியில் விட்டுவிட முடியாது. அது சுருண்டு, மேசையோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் தையலை எந்த முடிச்சிலும் நிறுத்தலாம். தோலை எந்தக் கீறலிலும் நிறுத்தலாம். ஒரு நாளில் பலமுறை எழுந்து செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர், தம் வேலையை நிறுத்தக்கூடிய சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டுதான் தொடங்குவார். நிறுத்த முடியாத பகுதிகளை இரண்டு மணிகளுக்கு இடையே இருக்கும் நீண்ட இடைவெளிக்கு ஒதுக்கிவைப்பார். கோடைக்காலத்தில் காலை வேண்டலுக்குப் பிறகு சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படும் நான்காம் மணி வரை ஏறத்தாழ வேலை, பின்பு ஆறாம் மணி வரை வாசிப்பு, உணவு, ஓய்வு, மீண்டும் மாலை வரை வேலை என்று பெனடிக்ட் வகுத்துத் தந்த நாள், ஒரு பட்டறையின் கால அட்டவணையாகவும் எனக்குத் தோன்றுகிறது. நானும் இப்போது பசை வேலையைக் காலையிலும் தையலை மாலையிலும் வைத்துக்கொள்கிறேன், கைத்தவறுகள் குறைந்திருக்கின்றன.

அவருடைய விதிநூலில் கைவினைஞர்களுக்கென்றே அமைந்தது 57-ஆம் அத்தியாயம். அது மிகவும் சிறியது. ஒரு பக்கம்கூட வராது. மடத்தில் கைவினைஞர்கள் இருந்தால், மடத்தலைவரின் அனுமதியோடு முழுத் தாழ்மையுடன் அவர்கள் தங்கள் தொழிலைச் செய்யட்டும் என்று அது தொடங்குகிறது. தன் திறமையால்தான் மடத்துக்கு ஏதோ ஆதாயம் கிடைக்கிறது என்று எண்ணி ஒருவர் செருக்கடைந்தால், அவரை அந்தத் தொழிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டு, மடத்தலைவரும் மீண்டும் பணித்தாலன்றி அவர் அந்தக் கருவியைத் தொடக் கூடாது.

இந்த வாக்கியத்தை முதலில் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. இருபது ஆண்டுகள் உழைத்துக் கையைப் பழக்கிய ஒருவரிடமிருந்து, அவருடைய பெருமிதத்துக்குத் தண்டனையாக அந்தக் கையின் வேலையைப் பறிப்பது கொடுமை என்று தோன்றியது. தான் தைத்த புத்தகத்தை விரித்துப் பார்த்து, முதுகு எவ்வளவு சீராக வளைகிறது என்று அப்பா தனக்குள் மகிழ்ந்த நாட்களை நான் கண்டிருக்கிறேன். அந்த மகிழ்ச்சி குற்றமாகுமா? மறுமுறை நிதானமாகப் படித்த பின்புதான், பெனடிக்ட் கண்டிப்பது அந்த மகிழ்ச்சியை அன்று என்று விளங்கிற்று. ‘என்னால் மடத்துக்கு ஆதாயம்’ என்ற கணக்கையே அவர் கண்டிக்கிறார். வேலை அழகாக வந்திருக்கிறது என்று மகிழ்பவரின் கண் வேலையின் மீது இருக்கிறது. நான் இல்லாவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று எண்ணுபவரின் கண் மற்றவர்கள் மீது இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் ஆயுள் முழுவதும் சேர்ந்து வாழ வேண்டிய ஒரு கூட்டத்தில் இரண்டாவது எண்ணம் என்ன செய்யும் என்பதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். ஆனாலும் அந்த விதி சரியாகப் பயன்படுத்தப்பட வேண்டுமானால் மடத்தலைவர் பொறாமையற்ற மனிதராக இருந்தாக வேண்டும். எல்லா மடங்களிலும் எல்லாக் காலங்களிலும் அப்படி இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

தாழ்மையையும் தொழிலறிவையும் ஒருசேரக் கண்ட ஒருவரின் எழுத்து நமக்குக் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தியோஃபிலஸ் என்ற புனைபெயரில் ஒரு துறவி, ஓவியம், கண்ணாடி, உலோகம் என்ற மூன்று தொழில்களைப் பற்றி மூன்று பகுதிகளாக ஒரு லத்தீன் நூல் எழுதினார். அவர் ஜெர்மனியின் ஹெல்மர்ஸ்ஹவுசன் பெனடிக்டைன் மடத்துப் பொற்கொல்லரான ரோஜர் என்பவராக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மனிதப் புகழ்ச்சிக்காகவோ உலக ஆதாயத்துக்காகவோ தாம் இதை எழுதவில்லை என்று சொல்லிவிட்டு, தாம் இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே கொடுப்பதாக அவர் முன்னுரையில் கூறுகிறார். அதற்குப் பின் வருவது வெறும் பக்திப் பேச்சன்று. கண்ணாடிக்குப் பீச் மரச் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. வரைபடத்தைச் சுண்ணம் பூசிய பலகையில் தீட்டி, அதன்மேல் கண்ணாடியை வைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வெட்ட வேண்டும். அரத்துக்கும் உளிக்கும் கடினம் ஏற்ற, மூன்று நாள் பட்டினி கிடந்து பின்பு பன்னச் செடி மட்டுமே தின்ற ஆட்டின் சிறுநீரில் தோய்க்க வேண்டும் என்று பட்டறைத் தரையிலேயே நின்று பேசுகிறார். தொழில் இரகசியங்களைத் தந்தை மகனுக்கு மட்டுமே சொல்லிக்கொடுத்த காலத்தில், அவற்றை எழுதிவைத்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தன் சொந்தப் பெயரை மறைத்துக்கொண்ட அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், 57-ஆம் அத்தியாயத்தை அவர் சுமையாக எண்ணியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும்.

பெயர் மறையாமல் தங்கிய சிலரும் உண்டு. பவேரியாவின் வெசோபுரூன் மடத்தை ஒட்டிய ஓர் அறையில் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்த தியெமுத் என்னும் பெண் துறவி, பதினோராம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலுமாகச் சுமார் 45 நூல்களைத் தம் கையால் படியெடுத்தார். "மூன்று விரல்கள் எழுதுகின்றன, உடல் முழுவதும் உழைக்கிறது" என்று இடைக்காலப் படியெழுத்தர்கள் ஏட்டின் கடைசியில் குறித்துவைத்த வரியை, நாற்பத்தைந்து நூல்கள் எழுதிய ஒருவரின் முதுகோடும் கழுத்தோடும் சேர்த்துப் படித்தால்தான் அதன் எடை தெரியும்.

நான் நேரில் சென்று பார்த்த மடங்களில் என்னை மிகவும் பாதித்தது டெவன் மாவட்டத்து பக்ஃபாஸ்ட் மடம். 1018-இல் நிறுவப்பட்டு, 1539-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மூடப்பட்டு இடிந்துகிடந்த அந்த இடத்துக்கு, 1882-இல் பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்ட துறவிகள் வந்துசேர்ந்தனர். 1907-இல் பழைய அடித்தளத்தின் மீது அவர்கள் ஒரு பெரிய கோயிலைக் கட்டத் தொடங்கினார்கள். ஒரு நேரத்தில் பெரும்பாலும் நான்கு துறவிகள்தாம் வேலை செய்தார்கள். ஆறு பேருக்கு மேல் ஒருபோதும் இருந்ததில்லை. கோயில் 1932-இல் அர்ச்சிக்கப்பட்டது. கோபுரம் 1938-இல் முடிந்தது. நான்கு பேர் முப்பத்தொரு ஆண்டுகள் கல்லடுக்கி எழுப்பிய அந்த நடுக்கூடத்தில், மாலை வேண்டலுக்கு முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அத்தனை ஆண்டுகளும் அவர்கள் மணிக்கு மணி சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாடப் போயிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்தபோது, முப்பத்தொரு ஆண்டுகள் என்பது தாமதமாகத் தோன்றவில்லை.

அந்தக் கோயிலின் கீழ்த்திசைக் கோடியில், 1960-களில் கட்டப்பட்ட நற்கருணைச் சிற்றாலயத்தின் சுவர் முழுவதையும் ஒரு கண்ணாடிச் சாளரம் நிறைத்திருக்கிறது. எட்டு மீட்டர் அகலம். அப்பமும் இரசமும் முன்னே இருக்க, கைகளை விரித்த கிறிஸ்துவின் உருவம். அதை உருவாக்கியவர் அந்த மடத்துத் துறவியான சார்லஸ் நோரிஸ். ஈயப் பட்டைகளில் மெல்லிய கண்ணாடியைப் பொருத்தும் பழைய முறை அன்று இது. ஓர் அங்குலத் தடிமனுள்ள நிறக் கண்ணாடிப் பாளங்களைச் சுத்தியலால் கொத்தி, வேண்டிய வடிவத்துக்கு உடைத்து, பிசினுக்குள் பதித்து உருவாக்குவது. கொத்திய விளிம்புகள் சிப்பியின் உட்புறம்போல் குழிந்து, வெளிச்சத்தைப் பலவாறாகச் சிதறச் செய்கின்றன. இந்த வேலையையும் துண்டு துண்டாக நிறுத்தி நிறுத்திச் செய்யலாம் என்பது என் கண்ணில் முதலில் பட்டது. கொத்துவேலைக்காரருக்கு ஒவ்வொரு அடியும் ஒரு முடிவுதான். சூரியன் மேற்கே சாயச் சாயச் சிவப்பு அடங்கி நீலம் மட்டும் நெடுநேரம் நின்றது. வேண்டலுக்கு மணி ஒலித்தது; நானும் எழுந்தேன்.

நான் வசித்த ஊருக்குச் சற்று வடக்கே, குளோஸ்டர்ஷயரில் பிரினிஷ் என்று உச்சரிக்கப்படும் இன்னொரு மடம் உண்டு. அங்கே 1942-இல் புதிய கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது களிமண் படுகை ஒன்று வெளிப்பட, துறவிகள் மட்பாண்டம் செய்யத் தொடங்கினார்கள். சாம்பிராணிக் கலவையோ அதற்கும் முந்தைய தொழில். தண்ணீர்ப்பள்ளி சாந்திவன ஆசிரமத்தில் நம்மிடையே வாழ்ந்து 1993-இல் காலமான ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் துறவு பூண்டது அந்த மடத்தில்தான். குளித்தலைக்கு அருகே காவிரிக் கரையில், திராவிடக் கோயில் வடிவில் கோபுரம் எழுப்பிய அந்தச் சிற்றாலயத்தை நான் பார்த்தபோது, அங்கு வாழ்வோரும் பெனடிக்டின் அதே 73 அத்தியாயங்களைக் கடைப்பிடிப்பவர்கள் என்பது எனக்குத் தெரியாது.

என் தொழிலோடு நெருக்கமானது ஸ்டான்புரூக் மடத்து அச்சகம். 1625-இல், இன்று பிரான்சிலுள்ள காம்பிரேயில் ஆங்கிலேயப் பெண் துறவிகளால் தொடங்கப்பட்டு, பிரெஞ்சுப் புரட்சியில் சிறைப்பட்டு, உயிர் தப்பி 1795-இல் இங்கிலாந்து வந்து, 1838-இல் வொர்ஸ்டர்ஷயரில் நிலைகொண்ட கூட்டம் அது. 1876-இல் அவர்கள் தங்கள் வழிபாட்டு நூல்களுக்காக ஓர் அச்சகம் அமைத்தார்கள். மதிலுக்கு வெளியே செல்லாத அடைபட்ட வாழ்க்கையில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, ஈரப்படுத்திய தாளில் அழுத்தி எடுத்தவர்கள் துறவிகளே. இசை பயின்றவரான ஹில்டெலித் கம்மிங், 1950-களின் நடுவில் அச்சகப் பொறுப்பை ஏற்ற பின்னர், அதன் வேலை இங்கிலாந்தின் மிகச் சிறந்த கையச்சு நூல்களோடு வைத்து எண்ணப்பட்டது. டச்சு எழுத்துருக் கலைஞர் யான் வான் கிரிம்பனின் எழுத்துருக்களை அவர்கள் பயன்படுத்தினார்கள். கவிஞர் சீக்ஃபிரீட் சசூனின் கவிதைத் தொகுப்பு ஒன்று 1960-இல் அங்கே அச்சாயிற்று.

அந்த அச்சகத்தின் மெல்லிய நூல் ஒன்றை ஒரு நூலகத்தில் கையுறையின்றிப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. அப்பாவின் கடையில் வளர்ந்தவன் ஆகையால் நான் முதலில் பார்த்தது எழுத்தை அன்று, ஓரங்களை. மேலே குறைவாகவும் பக்கவாட்டில் சற்றுக் கூடுதலாகவும் அடியில் மிகுதியாகவும் விடப்பட்டிருந்த வெற்றிடம், வேலைப்பாடு எதுவும் இல்லாமலே அந்தப் பக்கத்தைப் பேசவைத்தது. பாடலில் வரிக்கும் வரிக்கும் இடையே மூச்சு விடுவதற்கு நிற்பது போன்ற ஓர் இடைவெளி. நாள்தோறும் இரு பிரிவாக நின்று திருப்பாடல்களை மாறி மாறிப் பாடி, ஒவ்வொரு வரியின் நடுவிலும் சேர்ந்து நிற்கப் பழகியவர்களின் கை அந்த ஓரங்களை அளந்திருக்கிறது என்று நான் சொன்னால், அது அன்பினால் சொல்லும் மிகை என்று நண்பர்கள் எண்ணக்கூடும். ஆனால் நான் அதை உறுதியாகவே நம்புகிறேன். ஹில்டெலித் 1991-இல் காலமானார். அந்தத் துறவிகள் 2009-இல் யார்க்ஷயரின் வாஸ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். பழைய அச்சகத்தின் வேலை நின்றுபோன ஒன்றாகிவிட்டது.

57-ஆம் அத்தியாயத்தின் பிற்பகுதி விலையைப் பற்றியது. கைவினைஞர் செய்த பொருள் விற்கப்படுமானால், விற்பவர்கள் எந்த ஏமாற்றும் செய்யக் கூடாது. திருத்தூதர் காலத்தில் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்து மாண்டுபோன அனனியாவையும் சப்பிராவையும் நினைத்துக்கொள்ள வேண்டும். விலையில் பேராசை நுழைந்துவிடாதபடி, வெளியுலகத்தார் விற்பதைவிடச் சற்றுக் குறைவாகவே எப்போதும் விற்க வேண்டும். எல்லாவற்றிலும் கடவுள் பெருமை பெறுவதற்காக. அந்தப் புகழ்பெற்ற வசனம், பேதுருவின் முதல் திருமுகத்தில் உள்ளது, விதிநூலில் எடுத்தாளப்படும் இடம் இதுதான். கோயிலையோ பாடலையோ பேசும் இடத்தில் அன்றி, விலைச்சீட்டைப் பேசும் இடத்தில் அது வருகிறது.

இதன் அருமையை அறிய மறுபடியும் காசியனிடம் போக வேண்டும். எகிப்தியப் பாலைவனத்தில் ஊரிலிருந்து ஏழு நாள் நடைத்தொலைவில் வாழ்ந்த பவுல் என்னும் முதியவர், தினமும் பேரீச்ச ஓலைகளைச் சேகரித்து வேலை செய்து குகையில் குவிப்பார். சந்தை தொலைவு, கொண்டுசென்று விற்றால் கூலிக்கே கட்டாது. ஆகவே ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் தீயிட்டுக் கொளுத்திவிட்டு மறுபடியும் தொடங்குவார் என்று காசியன் எழுதுகிறார். கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக மட்டும் செய்யப்பட்ட வேலை அது. பெனடிக்டின் மடத்தில் ஓலை கொளுத்தப்படுவதில்லை. பொருள் வெளியே போகிறது, யாரோ ஒருவர் வீட்டில் பயன்படுகிறது, வாங்குபவருக்கு அது கட்டுப்படியாக வேண்டும் என்று அவர் கவலைப்படுகிறார். பயனற்ற உழைப்பு ஆன்மாவுக்கு நல்லது என்ற எண்ணத்திலிருந்து விலகி அவர் எடுத்துவைத்த இந்த அடியை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

அந்த விலை விதி நம் காலத்தில் ஒரு நீதிமன்றம் வரை சென்றது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கவிங்டன் நகருக்கு அருகே, 1889-இல் தொடங்கப்பட்ட புனித யோசேப்பு பெனடிக்டைன் மடம் இருக்கிறது. தங்கள் காட்டு மரங்களை விற்று வாழ்ந்துவந்த துறவிகள், 2005-இல் கத்ரீனா புயல் அந்த மரங்களைச் சாய்த்த பிறகு வேறு வருமானம் தேட வேண்டியதாயிற்று. இறந்த துறவிகளை அடக்கம் செய்ய எளிய மரப்பெட்டிகளைத் தலைமுறை தலைமுறையாக அவர்களே செய்துவந்தார்கள். 1990-களில் இரண்டு ஆயர்கள் அந்தப் பெட்டிகளில் அடக்கம் செய்யப்பட்டதிலிருந்து பொதுமக்களும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு இலட்சம் டாலர் முதலீட்டில் பட்டறை அமைத்து, 2007-இல் விற்பனை தொடங்கத் தயாரானார்கள். இரண்டே மாதிரிகள், ஒன்று 1,500 டாலர், மற்றொன்று 2,000 டாலர். ஈமச்சடங்கு நிறுவனங்களின் விலையைவிட இது நன்றாகவே குறைவு.

ஒரு பெட்டிகூட விற்பதற்கு முன்பே மாநிலத்தின் ஈமத்தொழில் வாரியம் அவர்களைத் தடுத்தது. அந்த மாநிலத்தின் அன்றைய சட்டப்படி ஒருவரைப் பெட்டியே இல்லாமல் புதைக்கலாம். சொந்தமாகப் பெட்டி செய்துகொள்ளலாம். வேறு மாநிலத்திலிருந்தும் வரவழைக்கலாம். ஆனால் லூசியானாவுக்குள் ஒருவர் பெட்டி விற்க வேண்டுமானால், முப்பது பேர் அமரக்கூடிய அஞ்சலிக் கூடம், ஆறு பெட்டிகளை வைத்துக்காட்டும் அறை, உடலைப் பதப்படுத்தும் வசதி, உரிமம் பெற்ற முழுநேர ஈமச்சடங்கு நடத்துநர் எல்லாம் வைத்திருக்க வேண்டியிருந்தது. வெறும் மரப்பெட்டியை மட்டும் செய்பவருக்கு இவற்றில் ஒன்றும் தேவையில்லை என்பது எந்தத் தச்சருக்கும் தெரியும். வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களில் எட்டுப் பேர் அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள்.

துறவிகள் முதலில் சட்டத்தை மாற்றக் கோரிப் பார்த்தார்கள், பயனில்லை. 2010-இல் வழக்குத் தொடுத்தார்கள். 2011-இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2013 மார்ச்சில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு தொழிற்குழுவைப் போட்டியிலிருந்து காப்பது மட்டுமே ஒரு சட்டத்துக்குப் போதிய நியாயமாகாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாரியத்தின் முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது. சந்தையை எதிர்த்து வழக்காடுவதற்காக அவர்கள் மடத்துக்கு வரவில்லை; சற்றுக் குறைந்த விலைக்கு ஒரு பொருளை நேர்மையாக விற்க வேண்டும் என்ற பதினான்கு நூற்றாண்டுப் பழைய வாக்கியத்தைக் கடைப்பிடிக்க முயன்றபோது, அந்த வாக்கியமே அவர்களை அங்கே கொண்டு நிறுத்தியது.

இன்று பெரும்பாலான கைவினைப் பொருள்களுக்கு இந்த விதி பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆலையில் ஒரு நிமிடத்தில் உருவாகும் குவளையைவிட, சக்கரத்தில் வனைந்த குவளையைக் குறைந்த விலைக்கு எந்த மடத்தாலும் விற்க முடியாது. கையால் தைத்த ஒரு புத்தகத்துக்கு நான் கேட்கும் விலையைக் கேட்டு நண்பர்கள் தயங்குவதை நானே பார்க்கிறேன். ‘சற்றுக் குறைவாக’ என்பதை எதனோடு ஒப்பிடுவது என்று எனக்குத் தெளிவில்லை. இப்போதைக்கு நான் செய்வது, இதே வேலைக்கு இந்த ஊரிலுள்ள மற்றக் கைப்பைண்டர்கள் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்து, அதிலிருந்து கொஞ்சம் குறைத்துக்கொள்வது. வாங்குபவரிடம் தோல் எது, தோல்போன்ற துணி எது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கடந்த வாரம் ஒரு நண்பர் தம் பாட்டியின் தமிழ்ச் சங்கீதப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். முதுகு முழுவதும் பிரிந்து, ஓரங்கள் பொடிந்து, நடுவில் இரண்டு தாள்களைப் பூச்சி தின்றிருக்கிறது. பிரித்துச் சுத்தம் செய்து, மெல்லிய தாள் ஒட்டி ஓரங்களைத் தேற்றி, நேற்று மாலை தைக்கத் தொடங்கினேன். பதினாறு மடிப்புகளில் ஒன்பதாவதைக் கோத்திருந்தபோது ஏழு மணி ஆயிற்று. ஊசி மெழுகில் இருக்கிறது. மீதி ஏழும் சட்டத்தின் பக்கத்தில் வரிசையாக அடுக்கியிருக்கின்றன.